அவளுக்குத்தான் கடவுள் இருக்கிறாரே

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்துகொண்டிருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர அது உடம்புக்குத்தான், மனசு முழுக்க ஒரே கசப்பு, அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம், சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, மடித்து வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன் கண்ணை உறுத்தும்.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்கும் கோபித்துக்கொள்வாய். அப்பாவுக்குப் பல்செட் வந்துவிட்டது, பேசும்போது போட்டுக்கொள்கிறார், சாப்பிடும்போது கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார், எதற்கய்யா வாங்கினீர் என்றால் அழகுக்கு என்கிறார். பஸ் ஓட்டிய காலத்தில் ஹாரன் அடித்த கைக்கு இப்போது வேலையில்லை, அந்த வேலையையும் வாயே பார்த்துக்கொள்கிறது. சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றது, நின்றதும் தண்ணீரே நின்றுவிட்டது, அது வேறு கதை. அண்ணிக்குத் தலைசுற்றல் தேவலை, அண்ணன் தொட்டில் வாங்கிவிட்டான், பிள்ளை வருவதற்குள் அதைப் பூட்டக் கற்றுக்கொண்டால் சரி. நீ ஈரத்தலையோடு படுக்காதே, அந்த ஊர்க் குளிருக்கு அது ஆகாது.

இப்போது உன் போன கடிதத்துக்கு வருகிறேன். வேலை, வாடகை, பனி எல்லாம் எழுதியிருந்தாய், படித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில் உங்கள் வீட்டு ஓர அறையில் இருக்கும் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாய். அவளுடைய அப்பா ஊரில் இறந்துபோனார், அவளால் போக முடியவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள், நீயும் உன் தோழியும் போய்ப் பார்க்கவில்லை. ஏன் என்பதற்கு நீ எழுதியதை அப்படியே எழுதுகிறேன். அவளுக்குத்தான் கடவுள் இருக்கிறாரே, எந்நேரமும் பிரார்த்தனை, இந்தப் பக்திக்காரர்கள் எல்லாரும் எதையும் தாங்கிக்கொள்வார்கள், நாங்கள் நடுவில் போய் என்ன சொல்ல. பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி வேறு வரைந்திருந்தாய். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. பெற்ற மகளுக்கு இப்படி எழுதுகிறேனே என்று நினைக்காதே, நினைத்தாலும் பரவாயில்லை. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அழுக்குத் துணி பிரிக்கிற மேஜையில் நிற்கிறவள், ரத்தம், சீழ், வாந்தி எல்லாவற்றையும் கையுறை போட்டுப் புரட்டிவிட்டு அப்படியே போய் டீ குடிப்பவள், எனக்கு அருவருப்பு அவ்வளவு சுலபத்தில் வராது. கொஞ்ச நாளாக வருகிறது. நீ எழுதிய இதே பேச்சை ஆஸ்பத்திரியில் ஒவ்வொருவர் வாயிலும் கேட்டுக் கேட்டுக் குமட்டிக்கொண்டிருந்தது, கடைசியில் அது உன் கையெழுத்திலேயே தபாலில் வந்து சேர்ந்தது.

எங்கள் பிரிவில் ரோலர் மெஷினில் நிற்பாளே, எந்நேரமும் கும்பிடுகிறாள் என்று எல்லாரும் பக்தி பக்தி என்று கூப்பிடுவோமே, அவளை உனக்குத் தெரியும். உனக்குச் சைக்கிள் பழக்கியவள். பிடிச்சிருக்கேன் பிடிச்சிருக்கேன் என்று பின்னால் கத்திக்கொண்டே எப்போதோ கையை விட்டுவிட்டு, நீ தெருமுனை வரை தனியாக ஓட்டிப் போனதைப் பார்த்து இடுப்பில் கைவைத்துச் சிரித்தாளே, அவளேதான். அவள் கை வெந்துபோய்விட்டது. ரோலர் என்றால் என்னவென்று உனக்கு மறந்திருக்கும், ஈரப் போர்வையை ஒரு பக்கம் கொடுத்தால் சூடான உருளை இழுத்துக்கொண்டு போய் மறுபக்கம் காயவைத்துத் தேய்த்துத் தள்ளும். துணி நுழைகிற இடத்தில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, விரல் பட்டால் உருளை அங்கேயே நின்றுவிடும். கெட்டியான விளிம்புள்ள துணி பட்டாலும் நின்றுவிடும், அதுதான் தொந்தரவு. நின்று நின்று ஓடினால் வார்டுகளுக்குத் துணி போய்ச் சேராது என்று எங்கள் மேற்பார்வையாளர் அந்தக் கம்பியைக் கிழிந்த போர்வைத் துண்டால் மேலே தூக்கிக் கட்டிவைத்துவிட்டார். கட்டியது எல்லார் கண்ணுக்கும் தெரியும், அவிழ்க்கச் சொல்லிப் பக்தியே பலமுறை கேட்டிருக்கிறாள், இதோ நாளைக்கு என்பார். அந்த நாளை வருவதற்குள் ஒரு தலையணை உறையின் நாடா அவள் விரலில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் எதிர் மேஜையில் இருந்தேன், ஓடிப்போய் சுவிட்சை அணைத்தது நான்தான், அந்த வாடையை எழுத மாட்டேன், நீ சாப்பிடுகிற நேரத்தில் படித்தாலும் படிப்பாய்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவளை மேல்மாடி வார்டில் சேர்த்தார்கள், சொந்த ஆஸ்பத்திரிதானே, வேலை முடிந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார்கள். போனவர்கள் எல்லாரும் ஒரே பாட்டுத்தான். உனக்கென்னடி, நீ கும்பிடற கடவுள் உன்னைக் கைவிட மாட்டார். உன் மனசு எங்களுக்கு வருமா. உனக்காக வேண்டிக்கிறோம். வேண்டிக்கிறோம் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து எதையும் வேண்டிக்கொண்டதில்லை, சம்பள நாளைத் தவிர. சொல்லிவிட்டுத் தோளைத் தட்டிவிட்டு, ஒரு பெரிய காரியம் முடிந்ததுபோல் லிஃப்டுக்குப் போய்விடுவார்கள். நான் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், எனக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரித்துக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு சுளையை இடது கையால் வாங்கிக்கொண்டு, அக்கா தலை அரிக்குதுக்கா, அடிபட்டதிலேருந்து யாரும் சீப்பு வைக்கலை, எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போறாங்க, ஒருத்தியும் வாரி விடறேன்னு சொல்லலை என்றாள். வாரிவிட்டேன். சிக்கு என்றால் அப்படிச் சிக்கு. நான் இழுக்க இழுக்க, மெதுவா இழுடி மாடுமேய்ச்சி என்று என்னைத் திட்டினாள், மரியாதை எல்லாம் வலியில் பறந்துவிட்டது, எனக்கு அப்போதுதான் உயிரே வந்தது. பக்தி திட்ட மாட்டாள் என்று யார் சொன்னது? சீட்டாட்டத்தில் அவளைப்போல் அழுகுணி ஆடுகிறவள் எங்கள் பிரிவிலேயே கிடையாது. அடுத்தவர் டீயை எடுத்துக் குடித்துவிட்டு, காலி கிளாஸை நம் பக்கமே தள்ளிவிடுவாள்.

ஆஸ்பத்திரி நிர்வாகியம்மா வந்தார், அதைக் கேள். கையில் பளபளவென்று ஒரு படம், கண்ணாடிச் சட்டம் போட்டது, கடையில் ஒட்டிய விலைச் சீட்டுகூடப் பின்னால் அப்படியே இருந்தது. கட்டிலுக்கு எதிரே மாட்டிக்கோங்க, பார்த்துக்கிட்டே இருந்தா நிம்மதியா இருக்கும், உங்கள மாதிரி நம்பிக்கை உள்ளவங்களுக்கு இதைவிடப் பெரிய மருந்து எது என்றார். பக்தி அதை இடது கையால் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மேடம் இது எங்க வழிபாடு இல்லைங்க, வேற மார்க்கத்துக்காரங்களோடது, இருந்தாலும் கண்ணாடி நல்லா இருக்கு என்றாள். நிர்வாகியம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷம் நம் பிரிவில் வேலை செய்கிறவள் யாரைக் கும்பிடுகிறாள் என்றுகூட விசாரிக்கவில்லை, அவருக்குக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் ஒன்று, எந்தப் படமானாலும் போதும், வலி போய்விடும். பக்கத்து வார்டு ஆயா அந்த வழிபாட்டுக்காரி, பக்தி படத்தை அவளிடம் கொடுத்துவிட்டாள், ஆயா கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனாள். அந்த மட்டில் படத்துக்கு ஒரு நல்ல கதி.

அடுத்து எங்கள் தொழிற்சங்கச் செயலாளரைச் சொல்கிறேன். அவருக்குக் கடவுள் பேச்சே ஆகாது, அது அவர் இஷ்டம், நம் வீட்டிலும் அப்பா அப்படித்தான், எனக்கும் இருந்தால் இருக்கட்டும் என்கிற அளவுதான். ஆனால் அவர் செய்த வேலையைப் பார். கம்பியைப் பற்றித் தொழிலாளர் துறைக்குப் புகார் எழுதினார், நல்ல காரியம், நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், பக்தியிடம் மட்டும் போகவேயில்லை. ஏன் சார் என்று கேட்டேன். அட விடுங்கம்மா, அவங்க எல்லாம் அவன் செயல்னு சொல்லிடுவாங்க, மன்னிச்சுட்டேன்னு கண்ணீர் விடுவாங்க, விசாரணையில வந்து நம்ம கேஸைக் கெடுத்துருவாங்க, நான் இந்த மாதிரி ஆளுங்களை எவ்வளவோ பார்த்திருக்கேன் என்றார். வெந்தது அவள் கை. புகார் எங்கள் புகார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவள் என்ன சொல்வாள் என்று அவரே சொல்லி அவரே முடித்துவிட்டார். படத்தோடு வந்த அம்மாவும் படமே ஆகாத இவரும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு இரண்டு பேர் முகத்திலும் அழுக்குத் துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டலாமா என்று இருந்தது.

மேலே போய்ப் பக்தியிடம் சொன்னேன். அவள் அழுதாள், கை வெந்தபோதுகூட அப்படி அழுது நான் பார்க்கவில்லை. அக்கா நான் கும்பிடறது கடவுளை, நிர்வாகத்தை இல்லை என்றாள். எனக்குக் கை போச்சுன்னா நான் எப்படிக்கா பிழைப்பேன், படுத்துக்கிட்டு ராத்திரி பூரா அவரைத்தான் கேட்டேன், என்னை இப்படி விட்டுட்டியேன்னு சண்டை போட்டேன், அது எனக்கும் அவருக்கும் நடுவுல. இந்தக் கம்பியைக் கட்டினது யாருன்னு கேக்க வேண்டியது எனக்கும் இவங்களுக்கும் நடுவுல. இதை ஏன்க்கா என்கிட்ட ஒருத்தரும் கேக்கலை என்றாள். அவள் மூக்கைத் துடைத்துவிட்டேன்.

மறுநாளே நிர்வாகத்திலிருந்து ஓர் ஆள் தாளோடு வந்தான், நான் சீப்போடு அங்கேதான் இருந்தேன். அவள் கவனக்குறைவால் கை உள்ளே போய்விட்டதாம், யார்மேலும் அவளுக்குக் குறையில்லையாம், எல்லாம் இறைவன் சித்தம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியையும் சேர்த்து அவர்களே எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள், கடவுள் பேரில் பொய்யெழுத அவர்களுக்குக் கூசவில்லை. வலது கை கட்டுப் போட்டிருக்கிறதே என்று மைப்பெட்டியும் கொண்டுவந்திருந்தான், இடது கைக் கட்டைவிரலை வைச்சாப் போதும்மா என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். அவள் பேனாவைக் கேட்டாள். இடது கையால் எழுதிப் பழக்கம் இல்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு, தாளை என்னைப் பிடிக்கச் சொல்லி, கோணல்மாணலாக அடியில் எழுதினாள், படித்தேன், இது பொய் என்று. எழுதி முடித்து, அந்தச் சித்தம் வரியை மட்டும் தனியாக அடித்தாள். அவர் பேரை இதுல இழுக்காதீங்க என்றாள். வந்தவன் மைப்பெட்டியை மூடிக்கொண்டு போனான். விஷயம் தெரிந்ததும் செயலாளர் அசடு வழிய மேலே வந்து அவளிடம் புகாரை நீட்டினார், அவள் அதை ஒரு வரி விடாமல் படித்து, இரண்டு தப்பைத் திருத்தச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

போன வாரம் இரண்டு நாள் விசாரணை நடந்தது, எங்கள் சாப்பாட்டு அறையில், மேஜைகளைச் சேர்த்துப் போட்டு. முதல் நாள் மேற்பார்வையாளர் வந்தார். அவரும் பெரிய பக்திமான், உனக்கு ஞாபகம் இருக்கும், வேலை தொடங்குமுன் மெஷினைத் தொட்டுக் கண்ணை மூடி நின்றுவிட்டுத்தான் சுவிட்ச் போடுவார். கம்பியை நான் கட்டவே இல்லை என்று கூசாமல் சொன்னார். இதை வீட்டில் வந்து சொன்னேனா, உன் அப்பா பல்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்தியா நான் அப்பவே சொன்னேன், சாமி கும்பிடறவனெல்லாம் ஃபிராடு என்று ஆரம்பித்தார். அப்ப பக்தி யாரு என்றேன். அவ விதிவிலக்கு என்றார். எனக்கு வந்ததே கோபம். கையில் அகப்பட்டவரை வைத்து ஒரு கூட்டத்தையே அளப்பது, அளவுக்கு அடங்காதவளை விலக்கு என்று ஓரமாக நிறுத்துவது, எவ்வளவு சௌகரியம். அன்றைக்கு அவருக்கு நான் தட்டு வைக்கவில்லை, தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார், பல்லில்லாமல்தான். பக்தியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர் பொய்யாக் கும்பிடறார்னு சொல்லாதீங்கக்கா, மெய்யாத்தான் கும்பிடறார், நான் கிட்ட நின்னு பார்த்திருக்கேன். மெய்யாத்தான் கம்பியையும் கட்டினார். ரெண்டையும் போட்டுக் குழப்பாம கட்டினதை மட்டும் கேளுங்க என்றாள். மறுநாள் தொழிலாளர் துறை அதிகாரி கேட்டபோதும் அதையேதான் செய்தாள், மேற்பார்வையாளர் கும்பிடுவதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை, எந்தத் துணியால், எந்த முடிச்சுப் போட்டு, யார் எதிரில் கட்டினார் என்று சொன்னாள், நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து ஆமாம் என்றோம். கடைசியில் அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, துணி போய்ச் சேரலைன்னா மேலேருந்து என்னைத்தான் கிழிப்பாங்க என்றார். மேலே யார் என்று அதிகாரி நிர்வாகியம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கம்பியை இப்போது இறக்கிச் சரிசெய்துவிட்டார்கள். மற்றதெல்லாம் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு இரண்டு விரல் மடங்கவில்லை, மடங்குமா என்று டாக்டர் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

இதையெல்லாம் உனக்கு எதற்கு இவ்வளவு நீட்டி எழுதினேன் என்றால், உன் கடிதம் வந்த அன்று அதைப் பிரிக்காமலே வார்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அவளுக்கு உன் கடிதம் என்றால் உயிர், சைக்கிள்காரி என்ன எழுதியிருக்கா படிங்க என்றாள். வாய்விட்டுப் படித்தேன். பனி, வேலை, வாடகை. அந்தப் பெண்ணின் அப்பா இறந்துபோனார் என்றது வரைக்கும் படித்துவிட்டேன், கண் அடுத்த வரிக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டேன். அவ்வளவுதான், பக்கம் முடிந்தது என்று மடித்துவிட்டேன். ஐயோ பாவம், ஊர் விட்டு ஊர் வந்த இடத்துல அப்பனைப் பறிகொடுத்துட்டுத் தனியா கிடக்குதா, கூட யாருக்கா இருக்கா என்று அவள் கேட்டாள். நான் என்ன சொல்வேன்? அவளுக்குத்தான் கடவுள் இருக்கிறாரே என்று என் மகள் சிரிக்கிற மூஞ்சி வரைந்திருக்கிறாள் என்று, கட்டுப் போட்ட அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொல்லவா? வெட்கத்தில் கூசிப்போய், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். என் பொண்ணு இருக்கா, வேலை விட்டு வந்ததும் அவ அறையிலதான் உட்கார்ந்திருக்காளாம் என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. நான் சைக்கிள் பழக்கின பிள்ளையாச்சே என்றாள். அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள், அந்தப் பொண்ணு சாப்பிட்டுதாமா, உங்க பொண்ணு தலை வாரி விட்டாளாமா என்று. தினமும் ஒரு பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பெண் நல்லவளா, சிடுமூஞ்சியா, பாத்திரம் கழுவாதவளா, எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது, நீ கேட்டதில்லை. அவள் பேச விரும்பாவிட்டால் கதவைத் திறக்காமல் இருக்கட்டும், அதை அவள் சொல்லட்டும், அவளுக்காக நீ சொல்லாதே. என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போ, உரித்துக்கொண்டே உட்கார், பேச்சு தானாக வரும். நீ எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் உன்னைத் தேடி வரும்படி, நீயும் நாலு பேரைத் தேடிப் போகும்படி நீண்ட ஆயுசோடு இரு, அப்பாவும் அதையேதான் சொல்லச் சொன்னார், தட்டு வைத்த பிறகு. கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொள், காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். இதைப் படித்து முடித்ததும், மடித்து வைப்பதற்கு முன்னால், எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டு, நான் சொன்னதை மெய்யாக்கு.

உன்மேல் கோபமும் ஆசையும் ஆறாத,
உன் அம்மா